அரிப்பு நின்றால் படர்தாமரை போய்விட்டதா?

சித்திரை பிறந்ததும் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து மருந்துக்கடைகளில் ஒரு பேச்சை அடிக்கடி கேட்கலாம். "அண்ணா, அரிப்புக்கு ஏதாவது க்ரீம் குடுங்க." எங்கே அரிப்பு என்று கடைக்காரர் கேட்கமாட்டார், வந்தவரும் சொல்லமாட்டார். ஆணாக இருந்தால் பெரும்பாலும் தொடை இடுக்கு. பெண்ணாக இருந்தால் பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு, அல்லது மார்பின் கீழ்மடிப்பு. ஒரு ட்யூப் கைமாறும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பும் மங்கும். ஒரு மாதம் கழித்து அதே ஆள் அதே கடைக்கு வருவார். இப்போது வட்டம் ஒன்றாக இருக்காது, நாலைந்து இருக்கும். வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கும் வந்திருக்கும்.

இதுதான் படர்தாமரை. படை என்றும் சொல்வார்கள், சில வீடுகளில் வண்டுகடி என்றும் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்தில்லாத, ஒழுங்காகப் பார்த்தால் முழுதாகக் குணமாகிற நோய். இருந்தும் இன்று தோல் மருத்துவரைத் தேடி வருகிறவர்களில் பலர் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் இதோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள். பூஞ்சை என்ன செய்கிறது, அரிப்பு எதனால் வருகிறது, இந்த இரண்டும் புரிந்துவிட்டால் அந்தப் போராட்டத்தில் பெரும்பகுதி தேவைப்படாது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பூஞ்சைக்குச் சாப்பாடு தோலிலேயே இருக்கிறது

நம் தோலின் மேல் அடுக்கு உயிரற்ற செல்களால் ஆனது. அந்தச் செல்களில் நிறைந்திருப்பது கெரட்டின் என்ற புரதம். முடியிலும் நகத்திலும், மாட்டின் கொம்பிலும் குளம்பிலும் இருப்பது இதே புரதம்தான். மிகக் கெட்டியான புரதம் என்பதால் பெரும்பாலான உயிர்களால் இதைச் செரிக்க முடியாது. டெர்மட்டோபைட் என்கிற பூஞ்சைக் கூட்டத்தால் முடியும். அதற்கான நொதிகளைச் சுரந்து, கெரட்டினைக் கரைத்து, அதையே தின்று வளர்கிறது. ட்ரைகோபைட்டான், மைக்ரோஸ்போரம், எபிடெர்மோபைட்டான் ஆகியவை இந்தக் கூட்டத்தின் முக்கியப் பிரிவுகள்.

உயிருள்ள சதைக்குள் இது பொதுவாக இறங்குவதில்லை. ரத்தத்தில் கலந்து பரவுவதும் இல்லை. "ரத்தம் கெட்டுப்போச்சு, அதான் படை வருது" என்று சொல்லி, கத்தரிக்காய், கருவாடு, நாட்டுக்கோழி என்று ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல்வார்கள். அதனால் நோயாளிக்குச் சாப்பாட்டுக் கஷ்டம் கூடுமே தவிர, பூஞ்சைக்கு ஒரு குறையும் வராது.

பூஞ்சையின் வித்து ஒன்று தோலில் ஒட்டி, வியர்வை ஈரமும் சூடும் கிடைத்தால் முளைக்கிறது. முளைத்த இழைகள் நாலாபக்கமும் வெளிநோக்கி வளர்கின்றன. ஒட்டியதிலிருந்து கண்ணுக்குத் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். காய்ந்த புல்வெளியில் ஓரிடத்தில் பற்றிய தீ வட்டமாக விரிந்துகொண்டே போக, நடுவில் அணைந்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அப்படித்தான் இதுவும். உடலின் எதிர்ப்பு நடுவில் பூஞ்சையை ஒடுக்கிவிட, ஒடுங்காத விளிம்பு வெளியே நகர்கிறது. அதனால்தான் ஓரம் சிவந்து, லேசாக மேடிட்டு, செதில் செதிலாக உதிர்கிறது; நடுப்பகுதி தெளிந்து சாதாரணத் தோல் மாதிரி தெரிகிறது. பூஞ்சை மும்முரமாக இருப்பது விளிம்பில். விளிம்புக்கு வெளியே நன்றாக இருப்பதாகத் தோன்றும் தோலிலும் அது ஏற்கெனவே நுழைந்திருக்கும். களிம்பு தடவும்போது வட்டத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவச் சொல்வது இதனால்தான்.

சரி, அரிப்பு எங்கிருந்து வருகிறது? பூஞ்சை கடிப்பதால் வருவதில்லை. மேல் அடுக்கில் அந்நியமான ஒன்று வளர்கிறது என்று உடல் கண்டுகொள்கிறது. உடனே அந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது, வெள்ளை அணுக்களை அனுப்புகிறது, தோல் செல்களை வழக்கத்தைவிட வேகமாக உதிர்த்துப் பூஞ்சையை வெளியே தள்ளப் பார்க்கிறது. சிவப்பு, தடிப்பு, அரிப்பு, செதில் எல்லாம் அந்த வேலையின் விளைவுகள். அரிப்பு பெரிய தொல்லைதான், தூக்கத்தைக் கெடுக்கும், நாலு பேர் நடுவில் கூச வைக்கும். ஆனாலும் உடல் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ட்யூபைப் பற்றிப் பேசும்போது இது தேவைப்படும்.

இடத்துக்கு இடம் நோயின் முகம் மாறும். உடம்பில் வட்டம், தலையில் சொட்டை, நகத்தில் மஞ்சளித்துப் பொடிந்துபோகும் சொத்தை, கால்விரல் இடுக்கில் வெளுத்து ஊறிய சேற்றுப்புண். சேற்றுப்புண்ணில் இந்தப் பூஞ்சையோடு கேண்டிடா என்ற ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்வது உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் தோல் பதனிடும் ஷாப்புகளில் ரப்பர் பூட்ஸுக்குள் நாள் முழுக்கக் கால் வேகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த நோய். சின்ன விஷயமாகத் தெரியும் அந்த வெடிப்பு வழியாகப் பாக்டீரியா ஏறி, கால் சிவந்து வீங்கிக் குளிர்காய்ச்சல் வரலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் தினமும் விரல் இடுக்குகளை விரித்துப் பார்ப்பது நல்லது.

மாட்டிலிருந்து, பூனையிலிருந்து, மண்ணிலிருந்து

டெர்மட்டோபைட்டுகளில் சில மனிதர்களோடு பழகியவை, சில விலங்குகளோடு பழகியவை, சில மண்ணில் உதிர்ந்து கிடக்கும் முடியையும் இறகையும் தின்று வாழ்பவை. இந்தப் பிரிவு வெறும் பாடப்புத்தகத் தகவல் இல்லை. நோய் எப்படி நடந்துகொள்ளும் என்பதையே இது தீர்மானிக்கிறது. மனிதனோடு நீண்டகாலம் பழகிய ட்ரைகோபைட்டான் ரூப்ரம் போன்றவை அதிகம் ஆர்ப்பாட்டம் செய்யாமல் வருடக்கணக்கில் குடியிருக்கும். விலங்கிலிருந்து வருபவை நம் உடலுக்குப் புதியவை. அவற்றை உடல் கடுமையாக எதிர்க்கும். சிவந்து, வீங்கி, சில சமயம் சீழ் வைக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இந்த வகை சிகிச்சைக்குச் சீக்கிரம் கட்டுப்படுவதே வழக்கம்.

மாட்டில் இது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமானால், செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போகிறவர்கள் கன்றுகளின் முகத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். எத்தனையோ கன்றுகளுக்கு நடுவில் ஒன்றிரண்டுக்காவது கண்ணைச் சுற்றியோ, காது மடலிலோ, கழுத்திலோ சாம்பலும் வெள்ளையும் கலந்த பொருக்கு இருக்கும். காசு அளவில் தொடங்கி உள்ளங்கை அகலம் வரை போகும். அந்த இடத்தில் முடி இருக்காது. ஓரத்தில் இருக்கும் முடியும் பாதியில் ஒடிந்து குச்சி குச்சியாக நிற்கும். பொருக்கு தடிமனாக, உலர்ந்து, தோலோடு ஒட்டியிருக்கும். பெயர்ந்து விழுந்த இடத்தில் இளஞ்சிவப்பாக ஈரத்தோல் தெரியும். கன்று அதைப் பெரிதாகச் சொறியாது, தீனியும் வழக்கம்போல எடுக்கும். அதனால்தான் வாங்குபவர் கண்ணில் அது படுவதில்லை.

இதற்குக் காரணம் ட்ரைகோபைட்டான் வெருகோசம். வயதான மாடுகளைவிடக் கன்றுகளுக்கே அதிகம் வரும், ஏனென்றால் அவை இந்தப் பூஞ்சையை முதல் தடவையாகச் சந்திக்கின்றன. ஒருமுறை வந்து ஆறிய மாட்டுக்குப் பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தி வந்துவிடும். மருந்தே போடாவிட்டாலும் இரண்டு முதல் நான்கு மாதங்களில் தானாக ஆறிவிடுவதே வழக்கம். அப்படியானால் எதற்கு மருந்து என்று கேட்கலாம். அந்த நாலு மாதமும் ஒவ்வொரு பொருக்கிலிருந்தும் லட்சக்கணக்கில் வித்துகள் கொட்டகையில் உதிர்ந்துகொண்டே இருக்கும். மரக்கம்பத்திலும் தொட்டி விளிம்பிலும் கயிற்றிலும் ஒட்டிய வித்துகள் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த ஈற்றில் பிறக்கும் கன்றுக்கு அந்தக் கம்பத்தில் உரசினாலே போதும். இன்னொரு நஷ்டமும் உண்டு. படை வந்து ஆறிய தழும்பு பதனிட்ட தோலின் மேற்பரப்பில் தெரியும், தோலின் தரம் குறையும். தோலை நம்பி இத்தனை ஊர்கள் பிழைக்கும் பழைய வட ஆற்காட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

மனிதருக்கு வருவது தொடுதலால். கறக்கும்போது நெற்றியைப் பசுவின் விலாவில் சாய்த்துக்கொள்வார்கள், அங்கே வரும். கன்றை இழுத்துக் கட்டும் முன்கையில் வரும். கழுத்தைக் கட்டிக்கொண்டு விளையாடும் பிள்ளைகளுக்குக் கன்னத்தில் வரும். தை மாதத்தில் எருது விடும் விழாவுக்குக் காளைகளைத் தயார்செய்யும்போது ஒரே பிரஷ்ஷால் நாலு மாட்டைத் தேய்ப்பதும், ஒருவர் மாட்டுக் கயிற்றை இன்னொருவர் வாங்கிக் கட்டுவதும் நடக்கும். மாட்டிலிருந்து மாட்டுக்குப் போக அது போதும். ஆண்களுக்குத் தாடியில் வந்தால் கட்டி கட்டியாகச் சீழ் வைத்து, முடியை இழுத்தால் வலிக்காமல் கையோடு வந்துவிடும். அதைச் சாதாரணச் சீழ்க்கட்டி என்று நினைத்து ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்கொண்டும், கீறி எடுத்துக்கொண்டும் அலைகிறவர்கள் உண்டு. மாடு இருக்கிற வீடா என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் பாதை தெரிந்திருக்கும். பால் வழியாக இது பரவாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படை வந்த மாட்டின் பாலை வாங்கலாமா என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். வழக்கம்போலக் காய்ச்சிக் குடிக்கலாம்.

பூனையில் வருவது மைக்ரோஸ்போரம் கேனிஸ். நாய்களுக்கும் வரும். குட்டிகளுக்குக் காது, மூக்கு, முன்கால்களில் முடி கொட்டி வட்டமாகத் தெரியும். வளர்ந்த பூனைகளில், அதிலும் பெர்சியன் போன்ற நீள முடிப் பூனைகளில், வெளியே ஒன்றும் தெரியாமல் முடிக்குள் வித்துகளைச் சுமந்துகொண்டே திரிவதும் உண்டு. வீட்டில் குழந்தைகளுக்கு மாறி மாறி வட்டம் வருகிறது, காரணம் தெரியவில்லை என்றால் மடியில் படுத்திருக்கும் பூனையையும் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. பூனையைத் தெருவில் கொண்டுபோய் விடத் தேவையில்லை. அதற்கும் சிகிச்சை இருக்கிறது. ஆனால் நமக்கு வாங்கிய களிம்பை அதற்குத் தடவ வேண்டாம். உடம்பை நக்கிச் சுத்தம் செய்கிற உயிர் அது, மருந்தெல்லாம் வயிற்றுக்குள் போய்விடும்.

குழந்தைகளின் தலையில் வருவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வயசுக்கு வரும் முன்புள்ள பிள்ளைகளுக்கே தலையில் அதிகம் வருகிறது. ஓரிடத்தில் முடி ஒடிந்து, பொடுகு மாதிரி செதில் இருக்கும். சிலருக்குக் கறுப்புப் புள்ளி புள்ளியாக முடியின் அடிக்கட்டை தெரியும். இன்னும் சிலருக்கு அமுக்கினால் கொழகொழவென்று சீழ் கசியும் வீக்கமாக எழும்பும். பூஞ்சை முடியின் வேர் வரை போயிருப்பதால் மேலே தடவும் களிம்பு மட்டும் எட்டாது. கிரிசியோஃபுல்வின், டெர்பினாஃபின் போன்ற மாத்திரை அல்லது சிரப்பை மருத்துவர் வாரக்கணக்கில் கொடுப்பார். தாமதித்தால் அந்த இடத்தில் முடி நிரந்தரமாகப் போய்விடலாம். மொட்டை அடித்து மஞ்சள் பூசினால் சரியாகிவிடும் என்று காத்திருக்கக் கூடாத இடம் இது.

வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரை இல்லை

தலையில் வழுவழுவென்று, செதிலே இல்லாமல், காசு வடிவில் சொட்டை விழுந்தால் அது பெரும்பாலும் புழுவெட்டு. அது பூஞ்சையால் வருவதில்லை. உடலின் எதிர்ப்பு சக்தி முடியின் வேரையே தாக்குவதால் வருவது, யாருக்கும் ஒட்டாது. முதுகிலும் தோளிலும் வெளிறிய திட்டு திட்டாக வரும் தேமல் பூஞ்சையால் வருவதுதான், ஆனால் அது மலசீசியா என்ற வேறு வகை. எல்லோர் தோலிலும் எப்போதும் இருக்கிற ஒன்று, வெயிலிலும் வியர்வையிலும் பெருகிவிடுகிறது. இன்னொருவரிடமிருந்து ஒட்டியதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

இதைவிட முக்கியமானது தொழுநோய்த் திட்டு. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955 முதல் தொழுநோய்க்கென்றே பெயர்பெற்ற மையம் இயங்கி வருவதால், இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அந்த வேறுபாடு ஓரளவு தெரியும். படர்தாமரை அரிக்கும். தொழுநோய்த் திட்டு அரிக்காது, பல நேரம் அங்கே தொடு உணர்ச்சியே குறைந்திருக்கும், வியர்வையும் வராது. தோலில் ஒரு திட்டு அரிக்காமல், மரத்துப்போய் இருந்தால் களிம்பைத் தேடாமல் மருத்துவரிடம் போங்கள். அதற்கும் இன்று முழுதாகக் குணமாக்கும் கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

மாட்டிலும் குழப்பம் வரும். உண்ணியோ சிலந்திப்பேனோ உண்டாக்கும் சொறியில் மாடு விடாமல் உரசிக்கொண்டே இருக்கும். தோல் கழலை நோயில் காய்ச்சலோடு உருண்டை உருண்டையாகக் கட்டிகள் எழும்பும். அது வைரஸ், மனிதருக்கு வராது.

சந்தேகம் இருந்தால் சோதனை எளிது, செலவும் குறைவு. வட்டத்தின் ஓரத்தை ஆல்கஹாலால் துடைத்து, மழுங்கிய கத்தியால் செதிலைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை ஒரு சொட்டு விடுவார்கள். அந்தக் காரம் தோல் செல்களைக் கரைத்துத் தெளிவாக்கிவிடும். பூஞ்சையின் சுவர் கரையாது. கொஞ்ச நேரத்தில் நுண்ணோக்கியில் பார்த்தால், மங்கிப்போன செல்களுக்குக் குறுக்கே கிளை பிரிந்து, கணுக்கணுவாகத் தடுப்புகள் உள்ள மெல்லிய இழைகள் ஓடுவது தெரியும். இப்படிப்பட்ட ஒரு தோல் நோய்க்குப் பூஞ்சைதான் காரணம் என்று பாரிஸில் டேவிட் குருபி 1841-ல் எழுதினார். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்ததே 1882-ல்தான். நுண்ணுயிரால் மனிதருக்கு நோய் வரும் என்று முதலில் காட்டப்பட்ட நோய்களில் படைக்கும் இடம் உண்டு.

அந்த ட்யூபில் என்ன இருக்கிறது

இப்போது முதலில் சொன்ன ட்யூபுக்கு வருவோம். மருந்துக்கடையில் அரிப்புக்கு என்று கேட்டால் கிடைக்கும் பல களிம்புகளில் பூஞ்சை மருந்து கொஞ்சம், பாக்டீரியா மருந்து கொஞ்சம், கூடவே வீரியமான ஸ்டீராய்டு ஒன்று இருக்கும். க்ளோபெடசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், பெக்ளோமெத்தசோன் என்பவை அடிக்கடி காணும் பெயர்கள். அட்டைப்பெட்டியில் பொடி எழுத்தில் இருந்தாலும் தேடிப் படியுங்கள்.

ஸ்டீராய்டு செய்வது ஒன்றுதான்: உடலின் எதிர்ப்பை அந்த இடத்தில் அடக்கிவிடுகிறது. எதிர்ப்பு அடங்கியதும் அரிப்பு நிற்கிறது, சிவப்பு மறைகிறது. பூஞ்சை சாகவில்லை. தடுக்க ஆளில்லாமல் அது பரவுகிறது, முடிக்கால்களுக்குள்ளும் இறங்குகிறது. களிம்பை நிறுத்தியதும் அரிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும், மறுபடி அதே களிம்பு. இப்படியே போனால் வட்டத்துக்குள் வட்டமாக வரும், அல்லது வட்ட வடிவமே அழிந்துபோய் மருத்துவருக்கே அடையாளம் தெரியாமல் போகும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் தோல் மெலிந்து, பிரசவத் தழும்பு மாதிரி கோடுகள் விழும். அந்தக் கோடுகள் பிறகு போகாது. இருபது வயதுப் பையன்களின் தொடையில் அந்தக் கோடுகளைப் பார்ப்பது வேதனையாக இருக்கிறது, ஏனென்றால் அது நோய் கொடுத்ததே இல்லை.

2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய பட்டியலுக்குள் கொண்டுவந்தது. நடைமுறையில் சீட்டில்லாமல் வாங்குவது இன்னும் நிற்கவில்லை. கடைக்காரரை மட்டும் குறை சொல்லி இதை முடிக்க முடியாது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாத ஆளுக்கு அந்த ட்யூப்தான் கைக்கு எட்டுகிறது. குறைந்தபட்சம் "ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சை மருந்து மட்டும் குடுங்க" என்று கேட்கத் தெரிந்திருந்தால் பாதிச் சேதம் தவிர்ந்துவிடும்.

நிலைமை இப்போது இன்னொரு விதத்திலும் மாறியிருக்கிறது. இந்தியாவில் பரவி வரும் ஒரு வகைப் பூஞ்சைக்கு 2020-ல் ட்ரைகோபைட்டான் இண்டோடினியே என்று தனிப்பெயர் வைத்தார்கள். இது மனிதரிடமிருந்து மனிதருக்கே பரவுகிறது, உடம்பில் பெரிய பரப்பில் வருகிறது, பலருக்கு டெர்பினாஃபின் மருந்துக்குக் கட்டுப்படுவதில்லை. பூஞ்சையின் சவ்வுக்குத் தேவையான பொருளைத் தயாரிக்கும் நொதி ஒன்றை டெர்பினாஃபின் முடக்கும். இந்தப் பூஞ்சைகளில் அந்த நொதியின் வடிவமே சற்று மாறிவிட்டதால் மருந்து அதைப் பிடிக்க முடியாமல் போகிறது. அதனால் அண்ணனுக்கு வேலை செய்த மாத்திரையை வாங்கித் தம்பி சாப்பிடுவது இப்போது முன்னைவிடப் பெரிய தவறு.

மருந்து, துணி, கொட்டகை

ஒன்றிரண்டு வட்டம் மட்டும் இருந்தால் க்ளோட்ரிமசால், லூலிகொனசால் போன்ற தனிப் பூஞ்சைக் களிம்பே போதுமானதாக இருக்கலாம். குளித்து, நன்றாகத் துடைத்து, உலர்ந்த பிறகு, வெளியிலிருந்து உள்நோக்கி, ஓரம் தாண்டித் தடவ வேண்டும். கண்ணுக்கு மறைந்த பிறகும் இரண்டு வாரமாவது தொடர வேண்டும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அரிப்பு ஒரு வாரத்தில் போய்விடும், ட்யூப் பாதியில் நிற்கும், மிச்சமிருந்த இழை மறுபடி கிளம்பும். நிறைய இடங்களில் இருந்தாலோ, தலை, தாடி, நகம் என்றாலோ மாத்திரை வேண்டும், அதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். இட்ராகொனசால் இதய பலவீனம் உள்ளவர்களுக்கு ஆகாது, சில கொழுப்பு மாத்திரைகளோடு சேராது. அந்தக் காப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடலில் நன்றாகச் சேரும். அசிடிட்டி மாத்திரையோடு போட்டால் சேராது. கர்ப்பிணிகள் எந்த மாத்திரையையும் தானாகத் தொடக் கூடாது.

அப்புறம் துணி. துண்டு, லுங்கி, உள்ளாடை, படுக்கை விரிப்பு எதையும் பகிரக் கூடாது. நோயுள்ளவர் துணியைத் தனியாகக் கொதிக்கும் வெந்நீரில் ஊறவைத்து, துவைத்து, உட்புறம் வெளியே தெரியத் திருப்பி, வேலூர் வெயிலில் மொறுமொறுப்பாகக் காயப் போட வேண்டும். ஈரம் முழுதாகப் போகாத ஜட்டியைக் காலை அவசரத்தில் மாட்டிக்கொள்வது பூஞ்சைக்கு நாமே இடம் கொடுப்பது. இறுக்கமான ஜீன்ஸைக் கோடையில் தள்ளிவைக்கலாம், குடியாத்தம் பருத்தி லுங்கியைவிட நல்ல உடை இந்த நோய்க்கு இல்லை. இடுப்பில் கட்டும் கறுப்புக் கயிறும் அரைஞாணும் வியர்வையில் ஊறியே இருப்பவை. சரியாகும்வரை கழற்றி வையுங்கள், பிறகு புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ எல்லோரும் ஒரே சமயத்தில் மருந்து தொடங்க வேண்டும். கூச்சத்தில் மருமகளோ மாமனாரோ சொல்லாமல் மறைத்தால் மற்றவர்கள் போட்ட மருந்தெல்லாம் வீண்.

கன்றுக்கு வந்தால் முதலில் அதைத் தனியாக, வெயில் படும் இடத்தில் கட்டுங்கள். கையுறை போட்டு, பொருக்கை ஊறவைத்து மெதுவாக எடுத்து, அதைக் கொட்டகையிலேயே உதிரவிடாமல் சேர்த்து எரித்துவிடுங்கள். மேலே போட பொவிடோன் அயோடினோ வேறு மருந்தோ கால்நடை மருத்துவர் சொல்வார். 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை ஊர்தியை வரவழைக்கவும் வழி இருக்கிறது. நம் மாத்திரையைப் பொடித்துக் கறவை மாட்டுக்குக் கொடுக்கவே கூடாது, மருந்து பாலில் இறங்கும். கம்பத்தையும் தொட்டியையும் சாணமும் அழுக்கும் போகத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் ப்ளீச்சிங் பவுடர் கரைசல் அடிக்க வேண்டும். அழுக்கின் மேல் அடித்தால் ப்ளீச்சிங் அழுக்கோடு சேர்ந்து செத்துப்போகும், வித்துகள் அப்படியே இருக்கும். சந்தையில் வாங்கி வந்த மாட்டை இரண்டு மூன்று வாரமாவது மற்ற மாடுகளோடு கட்டாமல் பார்ப்பது இந்த நோய்க்கு மட்டுமல்ல, பல நோய்களுக்கும் காவல்.

நாட்டு வைத்தியத்தை ஒரேயடியாக ஒதுக்க நான் விரும்பவில்லை. சீமை அகத்தி, ஊரில் வண்டுகொல்லி என்பார்களே, அதன் இலைக்குப் பூஞ்சையை எதிர்க்கும் தன்மை உண்மையிலேயே உண்டு. சின்ன வட்டத்துக்குப் பாட்டி அரைத்துப் பூசியதில் அர்த்தம் இருந்தது. ஆனால் எருக்கம்பாலும் சேங்கொட்டையும் அப்படி இல்லை. அவை தோலை வேகவைத்துக் கொப்புளமாக்கும், ஆறிய பிறகு வடு நிற்கும். பச்சைப் பூண்டை வைத்துக் கட்டுவதும் அப்படியே. அரசு ஆஸ்பத்திரிகளில் நீண்டகாலமாகக் கொடுத்துவரும் விட்ஃபீல்டு களிம்பு, பென்சாயிக் அமிலம் 6 சதவீதமும் சாலிசிலிக் அமிலம் 3 சதவீதமும் கலந்தது, விலை மலிவு, தடித்த தோலில் நன்றாக வேலை செய்யும். எரிச்சல் கொடுக்கும் என்பதால் முகத்திலும் தொடை இடுக்கிலும் போடக் கூடாது.

குழந்தையின் தலையில் வீக்கம், தாடியில் சீழ்க்கட்டி, கண்ணருகே வட்டம், காலில் சிவப்போடு காய்ச்சல், சர்க்கரை நோயோடு சேர்ந்த படை, நாலு வாரம் மருந்து போட்டும் குறையாத படை, இவற்றில் எது இருந்தாலும் கடையைத் தாண்டிப் போக வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய சி.எம்.சி. என்று தோல் மருத்துவர்கள் உள்ள பெரிய ஆஸ்பத்திரிகள் இந்த ஊரிலேயே இருக்கின்றன. போகும்போது இதுவரை தடவிய எல்லா ட்யூபையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஸ்டீராய்டு எவ்வளவு நாள் போயிருக்கிறது என்று அதைப் பார்த்துத்தான் தெரியும். வீட்டில் மாடு, பூனை, நாய் இருந்தால் அதையும், கேட்காவிட்டாலும், சொல்லிவிடுங்கள்.